லீடர் போட்டாச்சா?

(கொட்டிவாக்கத்தில் நடைபெற்ற குறுவளமையக் கூட்டத்தில் சமூக அறிவியல் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



'மாணவர் பேரவைத் தேர்தல்: கலைச்சொற்களை அறிவோம்' என்று எனக்குத் தலைப்பு தந்திருக்கிறார்கள். பட்டியல் வரும் என்று நோட்டைத் திறந்து வைத்திருக்கும் நண்பர்கள் மன்னிக்க வேண்டும். பட்டியல் நம் பாடநூலிலேயே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலில் தேர்தல், அரசியல் கட்சிகள், அழுத்தக் குழுக்கள் பற்றிய பாடத்தை நடத்தாதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். நான் பாடநூலில் இல்லாத ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். 'போடு' என்ற சொல்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாம் நாள் வராந்தாவில் எதிர்ப்படும் எவரும் நம்மிடம் கேட்பது என்ன? "உங்க கிளாஸ்ல லீடர் போட்டாச்சா?" நாமும் "போட்டாச்சு" என்போம். யாரைப் போடுவோம்? முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளையை. அல்லது உயரமான பையனை. அல்லது, உண்மையைச் சொல்வோமே, சேட்டை தாங்காமல், பொறுப்பு கொடுத்தாலாவது அடங்குவான் என்று ஒருவனை. பதினெட்டு ஆண்டுகள் நானும் அப்படித்தான் போட்டேன்.

இதே சொல் இன்னோர் இடத்தில் வருகிறது. ஓட்டுப் போடு. இரண்டும் 'போடு'தான். ஒன்றில் போடுபவர் ஆசிரியர். மற்றொன்றில் போடுபவர்கள் நாற்பது பேர்.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. 2022-23 கல்வியாண்டில் இந்தப் பாடத்தை நடத்தி முடித்து, 'நியமனம்', 'தேர்தல்' இரண்டுக்கும் வேறுபாடு எழுதச் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "மிஸ், நம்ம கிளாஸ் லீடரு எது மிஸ்? நியமனமா, தேர்தலா?" என்று கேட்டாள். கிண்டல் எல்லாம் இல்லை. எடுத்துக்காட்டு எழுத அவளுக்கு ஒன்று வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நான் "அது வேற, இது வேற. எழுதும்மா" என்று சொல்லிவிட்டேன். அவளும் எழுதினாள். வீட்டுக்குப் போகும்வரை எனக்குத்தான் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

நாம் யார்? இந்த நாட்டின் தேர்தலை நடத்துகிறவர்கள். இந்த அறையில் பி.ஓ. வேலை பார்க்காதவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். யாரும் இல்லை. காலையில் ஏஜெண்டுகள் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, 50 ஓட்டாவது போட்டுக் காட்டி, எண்ணி, அழித்து, சீல் வைத்துவிட்டுத்தான் நாம் வாக்குப்பதிவைத் தொடங்குகிறோம். 17சி படிவத்தில் ஓர் எண் கூடக் குறைய இருந்தால் இரவு தூக்கம் கிடையாது. அவ்வளவு நுட்பமாக ஊருக்குத் தேர்தல் நடத்திவிட்டு, மறுவாரம் வகுப்புக்கு வந்து விரலை நீட்டி, "நீ லீடர்" என்கிறோம்.

அதே ஆண்டு இன்னொன்றும் நடந்தது. என்னிடம் முன்பு படித்த ஒரு மாணவன் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டுப் பள்ளிக்கு வந்தான். நல்ல பையன். வீட்டில் முதல் முறையாகக் கல்லூரிக்குப் போனவன். காவலர் தேர்வு எழுத வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவன். விசாரித்தால், கல்லூரி மாணவர்களுக்குள் நடந்த பேருந்துத் தகராறு ஒன்றில் அவன் பெயரும் வழக்கில் சேர்ந்திருக்கிறது. நிலுவையில் வழக்கு வைத்துக்கொண்டு காவல் துறை வேலைக்குப் போக முடியுமா? பள்ளியிலிருந்து ஒரு சான்று வாங்கிக் கொடுத்தால் ஏதாவது உதவும் என்று யாரோ சொல்லி வந்திருக்கிறான்.

சென்னையில் இருப்பவர்களுக்கு 'ரூட் தல' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. வெளி மாவட்ட வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே வழித்தடப் பேருந்தில் கல்லூரிக்குப் போகும் மாணவர் கூட்டத்துக்குத் தலைவராக இருப்பவர் 'ரூட் தல'. பேருந்தைப் பிடித்துக் கொண்டாடும் நாள் 'பஸ் டே'. கேட்க வேடிக்கையாக இருக்கும். 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பேருந்தில் போன மாணவர்களைச் சக மாணவர்களே பட்டாக்கத்தியால் வெட்டிய காட்சியைத் தொலைக்காட்சியில் நாம் எல்லாரும் பார்த்தோம். அதையொட்டி 'ரூட் தல'களைத் தேடிப் பிடித்து நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கினார்கள். பிறகும் நிற்கவில்லை. 2024 அக்டோபரில் சென்ட்ரல் அருகே தாக்கப்பட்ட கல்லூரி மாணவர் ஒருவர் சில நாட்களில் மருத்துவமனையில் இறந்துபோனார். அவரும் ஏதோ ஓர் அரசுப் பள்ளியில் யாரோ ஒரு ஆசிரியரிடம் படித்த பிள்ளையாகத்தான் இருந்திருப்பார்.

என் மாணவனிடம் கேட்டேன். "இந்தத் தலயை யாருப்பா தேர்ந்தெடுக்கிறது?"

"தேர்ந்தெடுக்கிறதா? ஃபைனல் இயர் அண்ணன் போகும்போது கைகாட்டிட்டுப் போவாரு மிஸ். இனிமே இவன்தான்னு."

"யாராவது வேணாம்னு சொன்னா?"

பதில் சொல்லாமல் சிரித்தான். எனக்கு அந்த மாணவியின் கேள்வி நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் 'கைகாட்டி'த் தலைவர் வருவதை மட்டுமே பார்த்த பிள்ளைக்கு, கல்லூரியில் ஒரு அண்ணன் கைகாட்டினால் என்ன வித்தியாசம் தெரியும்? எல்லாக் குற்றத்தையும் வகுப்பு லீடர் தலையில் சுமத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். ஏழ்மை, பேருந்து நெரிசல், கல்லூரிகளின் பழைய பகை என்று எத்தனையோ இருக்கின்றன. ஆனால் என் கையில் இருந்தது அந்த ஒன்றுதான்.

2023 ஜூனில் என் ஒன்பதாம் வகுப்பில் லீடரைப் போடவில்லை. கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு சார்ட் ஒட்டி, 'பத்து நாள் தேர்தல்' என்று எழுதினேன். ஒவ்வொரு நாளும் அன்று பயன்படுகிற சொல்லை மட்டும் அதில் எழுதுவது. பயன்படாத சொல்லுக்கு இடமில்லை.

முதல் நாள் சொல் 'தேர்தல்'. பக்கத்தில் 'தேர்வு', 'தேர்ச்சி' இரண்டையும் எழுதினேன். மூன்றுக்கும் வேர் 'தேர்'. ஆராய்ந்து எடுப்பது. 'தேர்வு' என்றதும் முகம் சுருங்கியவர்கள், தாங்கள் தேர்வு வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் இருப்பதைத் தமிழாசிரியர் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஒருவரை நம்பிப் பொறுப்புக் கொடுக்கும் முன் எப்படி ஆராய வேண்டும் என்பதுதான் அந்தப் பத்துக் குறளும்.

அடுத்தது 'வேட்பாளர்'. வேட்கை, வேட்பு, வேட்பாளர். விரும்புகிறவர். எனவே வேட்புமனு என்பது 'எனக்கு விருப்பம் இருக்கிறது' என்று கையெழுத்துப் போட்டுச் சொல்வது. நாம் லீடர் போடும்போது அந்தப் பிள்ளைக்கு விருப்பமா என்று கேட்டதே இல்லை. ஆங்கிலச் சொல்லின் கதையும் பிள்ளைகளுக்குப் பிடித்தது. ரோமில் பதவிக்கு நிற்பவர்கள் சுண்ணாம்புத்தூள் பூசி வெளுத்த ஆடை உடுத்தி ஊருக்குள் வலம் வந்தார்களாம். வெள்ளை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்துதான் 'கேண்டிடேட்' வந்தது. "நம்மூர்லயும் வெள்ளை வேட்டிதானே மிஸ்" என்றான் ஒருவன். நான் எதுவும் சொல்லவில்லை.

'ஓட்டு', 'வாக்கு' இரண்டில் எதை எழுதுவது என்று ஒரு சண்டை வந்தது. 'ஓட்டு' ஆங்கிலம், 'வாக்கு' தமிழ் என்றார்கள் சிலர். 'வாக்கு'ம் வடமொழி வழி வந்ததுதான். ஆனால் நமக்குள் அது சொல், உறுதி என்ற பொருளில் ஊறிப்போனது. 'வாக்குக் கொடுத்தேன்' என்கிறோம் இல்லையா? 'வோட்' என்பதன் லத்தீன் மூலத்துக்கும் நேர்த்தி, உறுதிமொழி என்றுதான் பொருள். வேட்பாளர் தருவது வாக்குறுதி, நாம் தருவது வாக்கு. இரண்டு பக்கமும் சொல் கொடுக்கிற வேலை. சார்ட்டில் இரண்டையும் எழுதி வைத்தோம்.

இந்த இடத்தில் நம் ஊர் பற்றி ஒரு சிறு செய்தி. கொட்டிவாக்கம் 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்கு முன் ஊராட்சி. இன்னமும் பாட்டிமார் 'பிரசிடெண்டு' என்பார்கள். பேரப்பிள்ளைகளுக்குக் 'கவுன்சிலர்'. இந்த வேறுபாட்டைச் சொல்லலாம் என்று போனால், கவுன்சிலர் என்றால் என்ன செய்வார் என்று பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. கோபம் வந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடையில் சென்னைக்குக் கவுன்சிலரே கிடையாது. என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரும்வரை பார்த்திராத ஒருவரை, "தெரியாதா?" என்று அதட்டினால் எப்படி?

மூன்று பேர் மனு கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர். கட்சிச் சின்னம் எதுவும் கூடாது என்று சொல்லி, கட்டுமரம், ஸ்கேல், தண்ணீர்க்குடம் என்று அவர்களே வைத்துக்கொண்டார்கள். கட்டுமரம், குப்பத்திலிருந்து வரும் ஒரு மாணவியின் சின்னம்.

ஐந்தாம் நாள் அவள் வந்து, "மிஸ், நான் வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றாள்.

வாபஸ் என்பது அன்றைக்குரிய சொல்தான். பாரசீகத்திலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்த சொல். பாடம் நடத்த வசதியாகப் போயிற்று என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகுதான் ஏன் என்று கேட்டேன். "வீட்ல வேணாம்னாங்க." கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. இடைவேளையில் அவளுடைய தோழியிடம் விசாரித்தேன். நான்கைந்து பையன்கள் சேர்ந்து, "பொம்பளப் புள்ள லீடரானா எங்க பேரத்தான் போர்டுல எழுதுவா. நீ நின்னா, கடற்கரையில உன்னைப் பார்த்தோம்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லிடுவோம்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அன்று மதியம் எடுத்த பாடம் எந்தக் கையேட்டிலும் இல்லை. பெயர் எதையும் சொல்லவில்லை. 'போட்டியின்றி' என்று பலகையில் எழுதினேன். நம் ஊர்ப் பேச்சில் 'அன்னப்போஸ்ட்' என்போமே, அதுதான். 'அன்னப்போஸ்ட்' என்றால் ஏதோ அன்னப்பறவைச் சின்னம் என்று நினைத்திருந்ததாக ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது. 'எதிர்ப்பில்லாமல்' என்ற ஆங்கிலச் சொல் நம் வாயில் அப்படி ஆனது என்று சொன்னேன். பிறகு கேட்டேன். எதிர்க்க யாரும் விரும்பாமல் இருப்பதும், எதிர்க்க நினைத்தவரை நிற்க விடாமல் செய்வதும் ஒன்றா? இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தானே எழுதுகிறோம்?

மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் கதையைச் சொன்னேன். 1996இல் அங்கே தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டது. அதன் பிறகு பத்து ஆண்டுகள் அந்தப் பதவியில் ஒருவரும் நிலையாக உட்கார முடியவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆள் வராது. யாரேனும் வந்து வென்றாலும் உடனே ராஜினாமா. காகிதத்தில் பார்த்தால் எல்லாம் முறைப்படிதான் தெரியும். 'மனு வரவில்லை', 'ராஜினாமா ஏற்கப்பட்டது' என்று எழுதியிருக்கும். அந்தச் சொற்களுக்குப் பின்னால் பயம் இருந்தது. 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியேற்றார்கள்.

வகுப்பு அமைதியாக இருந்தது. "வாபஸ் வாங்க நாளை மாலைவரை நேரம். வேட்பாளர் மட்டும் என் முன்னால் தனியாக வந்து எழுதித் தர வேண்டும்" என்று புதிய விதி ஒன்றைச் சொன்னேன். அவள் மறுநாள் வரவில்லை. அந்தப் பையன்களின் பெற்றோரை அழைக்க வேண்டும் என்று ஓர் ஆசிரியர் சொன்னார். நான் அழைக்கவில்லை. சரியா தவறா என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு. அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு மட்டும் போய் அம்மாவிடம் பேசினேன். "குப்பத்துல ஊர்க் கூட்டத்துல நாங்கல்லாம் பின்னாடிதான் டீச்சர் நிப்போம். இவ முன்னாடி நிக்கட்டும்" என்றார்.

வாக்கெடுப்பு நாளில் முதலில் கை தூக்கச் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேரம் மிச்சம். "கையைத் தூக்குனா யாருக்குப் போட்டேன்னு அவன் பார்ப்பான் மிஸ்" என்று ஒரு சிறுமி சொன்னாள். முந்தின வாரம் அத்தனையும் பார்த்த பிறகும் எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள். பீரோவைத் திருப்பி வைத்து அதன் பின்னால் ஒரு மேசை போட்டோம். அரைத்தாள் வாக்குச்சீட்டு, பின்புறம் என் கையெழுத்து. 'ரகசிய வாக்கெடுப்பு' சார்ட்டில் ஏறியது. 'பேலட்' என்பது இத்தாலிய மொழியில் சிறு உருண்டை. உருண்டையைப் பெட்டியில் போட்டு வாக்களித்த காலத்துச் சொல் அது.

உருண்டை என்றதும் குடம் வந்தது, குடம் என்றதும் உத்திரமேரூர் வந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும், நானே பல ஆண்டுகள் தவறாக நடத்தியது. குடவோலை என்பது வாக்கெடுப்பு அல்ல, குலுக்கல். தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அது ஒரு பிரமதேய ஊரின் சபை. நிலமும் சொந்த மனையில் வீடும் கல்வியும் உள்ள, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு மட்டும். எல்லாருக்கும் ஓட்டு இருந்தது போல நாம் பெருமையாகச் சொல்வது சரியல்ல. பெருமைப்பட வேறு ஒன்று இருக்கிறது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரை ஓலையில் எழுதவே முடியாது, அவருடைய உறவினர் பெயரையும்கூட. தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று அன்று சொன்ன வாரியம்தான் இன்றைய மின்வாரியத்தில் இருப்பது. குலுக்கலும் முற்றிலும் போய்விடவில்லை. இரண்டு வேட்பாளர்கள் சம வாக்குப் பெற்றால், 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65ஆம் பிரிவுப்படி இன்றும் திருவுளச்சீட்டுத்தான்.

எண்ணினோம். பதிவானவை 41. ஸ்கேல் 17, கட்டுமரம் 13, தண்ணீர்க்குடம் 10. செல்லாத ஓட்டு ஒன்று. மூன்று சின்னத்துக்கும் டிக் அடித்து, 'எல்லாரும் நல்லவங்க' என்று எழுதியிருந்தது. எழுதியது யார் என்று கண்டுபிடிக்க நான் முயலவில்லை.

ஸ்கேல் வென்றதாக அறிவித்ததும், கணக்கில் கெட்டிக்காரனான ஒரு பையன் எழுந்தான். "மிஸ், 17 பேர்தான் வேணும்னாங்க. 23 பேரு வேற ஆளு வேணும்னாங்க. அப்புறம் எப்படி பெரும்பான்மை?" செல்லும் வாக்கு 40 என்றால் பாதிக்கு மேல் 21. யாரும் அதை எட்டவில்லை. நம் முறையில் பாதியைத் தாண்டத் தேவையில்லை, மற்றவர்களைவிட ஓர் ஓட்டு அதிகம் இருந்தால் போதும். குடியரசுத் தலைவர் தேர்தலில் விருப்ப வரிசை எழுதுவது வேறு முறை. கணித ஆசிரியர் அடுத்த பாடவேளையை எனக்கு விட்டுக்கொடுத்தார். அதே 40 பேரிடம் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் எழுதி வாங்கி எண்ணிப் பார்த்தோம். அப்போதும் ஸ்கேல்தான் வந்தது. பையன் திருப்தியானான். டெபாசிட் யாருக்காவது போனதா என்றும் கேட்டார்கள். ஆறில் ஒரு பங்கு கிட்டத்தட்ட ஏழு வாக்கு, எல்லாருக்கும் தப்பியது.

வென்றவன் நல்ல லீடரா என்று கேட்டால், சுமார்தான். பேசுகிறவர் பெயரை எழுதும்போது பெண்களின் பெயர்களை மட்டும் எழுதினான். மாதக் கடைசி வெள்ளியன்று பத்து நிமிடம் லீடர் வகுப்புக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று விதி வைத்திருந்தோம். செப்டம்பரில் அந்தப் பத்து நிமிடத்தில் கட்டுமரக்காரி எழுந்து மூன்று வாரப் பட்டியலைப் படித்துக் காட்டினாள். அக்டோபரிலிருந்து பையன்கள் பெயரும் வந்தது. நான் லீடர் போட்ட பதினெட்டு ஆண்டுகளில் எந்த லீடரையும் எந்தப் பிள்ளையும் இப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அது என்னைக் கேட்டது போலல்லவா ஆகியிருக்கும்?

"படிக்கிற பிள்ளைகளுக்கு எதுக்கு மேடம் அரசியல்?" என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். நியாயமான கவலை. அவரிடம் லிங்டோ குழுவைப் பற்றிச் சொன்னேன். கல்லூரித் தேர்தல் என்றதும் நம் ஆசிரியர்களே தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஆவணம் அது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில், முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில் அமைந்த குழு. 2006 மே மாதம் அறிக்கை தந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் அதை நடைமுறைப்படுத்த நீதிமன்றம் உத்தரவிட்டது. கல்வியாண்டு தொடங்கி 6 முதல் 8 வாரத்துக்குள் தேர்தல். மனுவிலிருந்து முடிவு வரை பத்து நாளுக்கு மேல் போகக்கூடாது. என் சார்ட்டின் பத்து நாள் அங்கே எடுத்ததுதான். ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது, முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் கணக்குத் தர வேண்டும். அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியது மட்டும். ஒலிபெருக்கி கிடையாது. வேட்பாளருக்கு 75 விழுக்காடு வருகை வேண்டும், அரியர் இருக்கக் கூடாது, குற்ற வழக்குப் பின்னணி இருக்கக் கூடாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்த நண்பர், "இவ்வளவு கட்டுப்பாடு இருந்தா பரவாயில்லையே" என்றார். கட்டுப்பாடு அதிகம், ஒருமுறை தோற்றவருக்கு மறு வாய்ப்பில்லை என்று மாணவர் அமைப்புகள் குறை சொல்வதும் உண்டு. அதையும் சொன்னேன். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறோர் இடம். அமைதியாகத் தேர்தல் நடத்த முடியாத நிறுவனம் தற்காலிகமாக நியமன முறையை வைத்துக்கொள்ளலாம், ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்தல் முறைக்கு மாற வேண்டும் என்கிறது குழு. அந்த நியமனத்தையும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டாம் என்கிறது. முதல் மதிப்பெண்காரரைப் பதினெட்டு முறை 'போட்ட'வள் நான்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு குழப்பத்தைத் தீர்த்து அனுப்ப வேண்டும். 'யூனியன்' என்றால் கிராமத்தில் ஊராட்சி ஒன்றியம், தொழிற்சாலையில் தொழிற்சங்கம், கல்லூரியில் மாணவர் பேரவை. மாணவர் பேரவையும் மாணவர் அமைப்பும் ஒன்றல்ல. 1936இல் லக்னோவில் தொடங்கிய அனைத்திந்திய மாணவர் பெருமன்றம் போன்றது அமைப்பு. விரும்பினால் சேரலாம், விரும்பாவிட்டால் வேண்டாம். பேரவை அப்படியில்லை. கல்லூரியில் சேர்ந்த அன்றே எல்லா மாணவரும் அதன் உறுப்பினர், அதன் தலைவர் உங்களுக்கு ஓட்டுப் போடாதவருக்கும் தலைவர். சில கல்லூரிகளில் அவரைச் 'சேர்மன்' என்பார்கள். பெரிய போராட்டங்களில் உருவாகும் 'போராட்டக் குழு' மூன்றாவது வகை. 1965 மொழிப் போராட்டத்தின் மாணவர் தலைவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன்தான் 1967 பொதுத்தேர்தலில் விருதுநகரில் காமராசரை 1,285 வாக்கு வித்தியாசத்தில் வென்றவர். மாணவர் தலைமை என்பது விளையாட்டுப் பேச்சல்ல என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க இந்த ஓர் எண்ணே போதும். 'ரூட் தல' இந்த மூன்றில் எதிலும் வரமாட்டார். அவருக்கு மனு கிடையாது, பதவிக்காலம் கிடையாது, கணக்கும் கிடையாது.

நம் பள்ளிகளில் இப்போது 'மகிழ் முற்றம்' வந்திருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்திருக்கிறோம். கொட்டிவாக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் நெய்தல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள், அது வேறு கதை. அந்தக் குழுக்களுக்குத் தலைவர் வேண்டிவரும்போது 'போட்டாச்சா' என்று கேட்காமல் இருந்து பாருங்கள். பத்து நாளெல்லாம் வேண்டாம், மூன்று பாடவேளை போதும்.

அந்த மாணவனைப் பற்றிச் சொல்லவில்லையே. வழக்கு இன்னும் முடியவில்லை. உணவு டெலிவரி வேலை பார்க்கிறான். சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தேர்தல் நாளன்று, ஏதோ ஒரு சான்றில் கையெழுத்து வாங்கப் பையை மாட்டிக்கொண்டே வந்தான். வாக்கு எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தது. கதவோரம் நின்று கடைசிவரை பார்த்தான். இவன் கல்லூரியில் படித்த அண்ணன் என்று நான் அறிமுகப்படுத்தியதும், ஒரு பையன் ஆர்வமாகக் கேட்டான். "அண்ணா, உங்க காலேஜ்ல வேட்புமனு ஃபார்ம் எப்படிண்ணா இருக்கும்?"

"தெரியாதுடா. நான் பார்த்ததே இல்ல" என்றான்.

அந்தப் பையன் தன்னிடம் மிச்சமிருந்த ஒரு படிவத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தான். அவன் அதை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த ஆர்டர் வந்துவிட்டது என்று கிளம்பிவிட்டான்.

வேட்புமனு, வாபஸ் படிவம், வாக்குச்சீட்டு மூன்றின் மாதிரியும் கொண்டு வந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் நகல் எடுத்துக்கொள்ளலாம்.